வெப்பநிலை எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு

புறக்கோட்டையில் பிறந்து வளர்ந்து, வானிலை எண்களோடு வாழ்ந்து முதுமைக்கு வந்தவன் நான். இப்போது என்னைத் தேடி இரண்டு வகைப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு வகையினருக்குக் கூரையில் வெப்பமானி வைத்துத் தாமே அளக்க ஆசை. மற்றவர்களுக்குப் பழைய மாதாந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி, கொழும்பு எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று பார்க்க ஆசை. இரு வகையினரும் வந்த நாளிலேயே ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஐயா, பிழையான எண்களை எப்படித் திருத்துவது?" கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதித் தருகிறேன்.

1. கொழும்பின் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 1961 முதல் 1990 வரையான முப்பதாண்டுச் சராசரியில், ஜனவரியின் உயர்வு வெப்பநிலை 31.0 பாகை செல்சியஸ், இழிவு வெப்பநிலை 22.3. மே மாதத்தில் உயர்வு 31.1, இழிவு 25.5. கூட்டிப் பாதியாக்கினால் ஜனவரிக்கு 26.7, மே மாதத்துக்கு 28.3. ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் இரண்டு பாகை இடைவெளிக்குள்ளே அடங்கிவிடுகின்றன. தில்லியில் ஜனவரிக்கும் ஜூனுக்கும் ஏறக்குறைய 20 பாகை வித்தியாசம். அங்கே அரைப் பாகைப் பிழை பருவத்தின் போக்கை மறைக்காது. இங்கே அரைப் பாகை என்பது ஆண்டின் முழு ஏற்ற இறக்கத்தில் கால் பங்குக்கு மேல். கொழும்பில் வெப்பமானி வைப்பவருக்குத் தில்லிக்காரரைவிடக் கவனம் கூடுதலாக வேண்டும்.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் பகல் உயர்வு அசையவே இல்லை. இரவு இழிவுதான் மூன்று பாகைக்கு மேல் ஏறியிருக்கிறது. மாதச் சராசரியை மட்டும் எழுதி வைத்தால் இது தெரியாமலே போய்விடும். உயர்வையும் இழிவையும் எப்போதும் தனித்தனி நிரல்களில் வையுங்கள். சோதிப்பதும் தனித்தனியாக, சீராக்குவதும் தனித்தனியாக.

2. எழுதியதை அழிக்காதீர்கள். புறக்கோட்டை மொத்தக் கடைகளின் கணக்கப்பிள்ளைமார் பேரேட்டில் ஒரு பதிவு பிழைத்துவிட்டால் அதைச் சுரண்டி அழிக்க மாட்டார்கள். கீழே இன்னொரு பதிவு போட்டு, காரணம் எழுதி நேராக்குவார்கள். வெப்பநிலை ஏட்டுக்கும் அதே நெறிதான். 13.2 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கொழும்பில் 13 பாகை வராது, 31.2ஐ மாற்றி எழுதிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றியது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் 13.2 அப்படியே இருக்கட்டும். பக்கத்து நிரலில் 31.2 என்று எழுதி, ஏன், எப்போது, யார் மாற்றினார் என்பதையும் குறியுங்கள். உலகெங்கும் உள்ள நிலையங்களின் மாத வெப்பநிலையைத் திரட்டும் அமெரிக்காவின் நோவா நிறுவனமும் இதையே செய்கிறது. கைபடாத எண்கள் ஒரு கோப்பில், சீராக்கிய எண்கள் இன்னொரு கோப்பில். இரண்டையும் யாரும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

3. வாசிக்கும் கையும் கண்ணும் பழக வேண்டும். வெப்பமானி இருக்கும் பெட்டியின் கதவைத் திறந்ததும் முதலில் பத்தில் ஒரு பங்கை வாசியுங்கள், முழுப் பாகையைப் பிறகு பார்க்கலாம். உங்கள் உடற்சூடும் மூச்சுக் காற்றும் சில நொடிகளிலேயே திரவத்தை ஏற்றத் தொடங்கிவிடும். கண் திரவத்தின் நுனிக்கு நேர் மட்டத்தில் இருக்கட்டும். இழிவு வெப்பமானியில் மதுசாரத்துக்குள் ஒரு சிறு சுட்டி கிடக்கும். குமிழிலிருந்து தூரத்தில் உள்ள முனையைத்தான் வாசிக்க வேண்டும். புதியவர்களில் பலர் கிட்டே உள்ள முனையை வாசிக்கிறார்கள். மதுசாரம் ஆவியாகி மேல்முனையில் ஒட்டிக்கொண்டால் கீழே உள்ள நிரல் குறைந்து, கருவி மாதக்கணக்கில் தாழ்வாகக் காட்டும். குழாயின் மேல்பகுதியை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். உயர்வு வெப்பமானியை உதறி மீட்டமைத்த பின் அது காட்டும் எண்ணைச் சாதாரண வெப்பமானியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

ஓராண்டு வாசிப்புகளின் கடைசி இலக்கங்களை எண்ணிப் பார்ப்பது எனக்குப் பிடித்த சோதனை. 0 முதல் 9 வரை எல்லாம் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். 0உம் 5உம் மிதமிஞ்சி நின்றால் வாசித்தவர் குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

4. வெப்பமானி அளக்க வேண்டியது காற்றின் வெப்பம். வெயிலின் சூடும் சுவரின் சூடும் அதில் சேரக் கூடாது. இதற்காகவே ஸ்கொட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் 1864இல் அந்த வெள்ளைச் சட்டகப் பெட்டியை அமைத்தார். 'புதையல் தீவு' எழுதிய ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தை அவர். பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த ஸ்டீவன்சன் திரை அதுதான். புல்தரையில், நிலத்திலிருந்து 1.2 முதல் 2 மீற்றர் உயரத்தில் வெப்பமானி இருக்க வேண்டும். பெட்டியின் கதவு வடக்கே பார்க்கட்டும் என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நமது ஊருக்கு அது போதாது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சிக்கு வந்து, பிறகு செப்டெம்பர் வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. அதனால்தான் உலக வானிலை அமைப்பின் கையேடு வெப்பவலயப் பெட்டிகளுக்கு இரண்டு கதவுகள் வேண்டும் என்கிறது. பருவத்துக்கு ஏற்ற கதவைத் திறக்கலாம். கடலுப்பும் பஸ் புகையும் படிந்து வெள்ளை நிறம் மங்கினால் பெட்டி சூட்டை உறிஞ்சும். கழுவிய நாளையும் தீந்தை பூசிய நாளையும் ஏட்டில் எழுதுங்கள்.

5. எந்த நாளின் எண் என்பதில் தடுமாறாதீர்கள். காலை 8.30க்கு உயர்வு வெப்பமானியை வாசித்தால் அது காட்டுவது நேற்றுப் பிற்பகலின் சூட்டை. இழிவு வெப்பமானி காட்டுவது இன்று விடியலின் குளிரை. முன்னது நேற்றைய வரிசைக்கும் பின்னது இன்றைய வரிசைக்கும் போக வேண்டும். முதலாம் திகதி காலையில் வாசித்த உயர்வு முந்திய மாதத்துக்கு உரியது. இதைத் தவறவிட்டால் மாதச் சராசரி பெரிதாக மாறாது. ஆனால் மழை பெய்த குளிர்ந்த பகல் மழையில்லாத நாளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வெப்பத்தையும் மழையையும் சேர்த்துப் பார்ப்பவர் வழிதவறிப் போவார்.

6. கடிகாரத்தை நம்பாதீர்கள். இலங்கையில் இது பெரிய சிக்கல். 1906 வரை நமது நேரம் கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 19 நிமிடம் முந்தியது. பிறகு ஐந்தரை மணி ஆனது. இரண்டாம் உலகப் போரில் 1942 ஜனவரியில் ஆறு மணி, அதே ஆண்டு செப்டெம்பரில் ஆறரை மணி, 1945 ஒக்டோபரில் மறுபடி ஐந்தரை. உங்கள் பெற்றோர் நன்றாக நினைவு வைத்திருக்கும் மாற்றம் 1996இல் வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த மே 25இல் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரல் 15 வரை ஆறு மணியே நீடித்தது. அந்த ஆண்டுகளில் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே வழக்கில் இருந்தது. ஒரே நாட்டில், ஒரே கணத்தில், இரண்டு கடிகாரங்கள்.

இதற்கும் வெப்பநிலைக்கும் என்ன தொடர்பு? ஒரு பாடசாலையிலோ தோட்டத்திலோ ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 8.30க்கு வாசித்துவந்தார் என்று வையுங்கள். 1996 ஜூனில் அவருடைய 8.30 பழைய கணக்கில் 7.30. 1997இல் அது 8.00. நம் ஊரில் காலை வேளையில் ஒரு மணி நேரத்துக்குள் வெப்பம் ஒரு பாகைக்கு மேல் ஏறும். அவருடைய ஏட்டில் 1996 மே மாதக் கடைசியில் காலை வெப்பநிலை திடீரென்று விழும். காலநிலை மாறவில்லை, கடிகாரம்தான் மாறியது. உயர்வும் இழிவும் இதனால் அதிகம் கெடாது, ஏனென்றால் அவை நாள் முழுவதற்குமான எல்லைகள். குறித்த நேர வாசிப்புகள் கெடும். அவற்றிலிருந்து கணக்கிட்ட மாதச் சராசரியும் கெடும். ஆகவே கணினியில் ஏற்றும்போது கடிகார நேரத்தோடு கிரீன்விச் நேரத்தையும் ஒரு நிரலில் எழுதுங்கள். வாசித்தவர் எந்த நேரத்தைப் பின்பற்றினார் என்று தெரியாவிட்டால் அந்தப் பத்தாண்டுக்குத் தனிக் குறியீடு போடுங்கள்.

7. விடுமுறையையும் மறக்காதீர்கள். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாளே வார விடுமுறை. அந்த ஆண்டுகளின் பாடசாலை ஏடுகளில் இடைவெளிகள் ஏழு நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வராது. நிலாவைப் பார்த்தால் அவற்றின் ஒழுங்கு விளங்கும்.

8. விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும். ஒரு மாதத்தில் 11 நாட்கள் அல்லது அதற்கு மேல் இல்லையென்றாலும், தொடர்ந்து 5 நாட்கள் இல்லையென்றாலும் அந்த மாதத்துக்குச் சராசரி கணக்கிட வேண்டாம் என்று உலக வானிலை அமைப்பின் 2017 வழிகாட்டி சொல்கிறது. முந்திய விதி இதைவிடக் கடுமையானது. எதைப் பின்பற்றினாலும் பட்டியலின் தலையில் எழுதுங்கள். வெறுமைக்கு -99.9 போடும் பழக்கம் உள்ளவர்கள் சராசரி எடுக்குமுன் அதை நீக்கிவிட்டார்களா என்று இருமுறை பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாண நிலையத்தின் ஏட்டில் போர்க்காலத்துப் பெரிய இடைவெளிகள் இருக்கின்றன. பட்டியலை அழகாக்க அயல் ஊரின் எண்ணால் அவற்றை நிரப்பிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த வெறுமையும் வரலாறுதான். அளக்க முடியாத காலம் ஒன்று அங்கே இருந்தது என்று அது சொல்கிறது. ஒரு கணக்குக்கு மதிப்பீடு தேவைப்பட்டால் தனிக் கோப்பில் செய்து, மதிப்பீடு என்று பெயரிட்டு வையுங்கள்.

9. நிலையத்தின் சரித்திரத்தை எண்களுக்கு முன்னால் படியுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பேன் என்று யாராவது சொன்னால், இதையே தேர்ந்துகொள்ளச் சொல்வேன். இலங்கையில் நில அளவைத் துறையினர் 19ஆம் நூற்றாண்டிலேயே வானிலை அளந்திருக்கிறார்கள். 1907இல் கொழும்பு அவதான நிலையம் தொடங்கியது. 1948இல் அது தனித் திணைக்களமானது. இன்று பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் வளிமண்டலவியல் திணைக்களம் அதன் வழி வந்ததே. உலகப் பட்டியல்களில் கொழும்பு நிலையத்தின் இலக்கம் 43466. ஒரே இலக்கத்தின் கீழ் வரும் நீண்ட தொடரைப் பார்த்ததும் ஒரே இடத்தில், ஒரே கருவியால், ஒரே முறையில் அளந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

அப்படி இல்லை என்பதற்கு இந்த மண்ணிலேயே நல்ல சான்று உண்டு. வெப்பவலய நாடுகளில் ஸ்டீவன்சன் திரை பரவுமுன் ஓலை வேய்ந்த திறந்த கொட்டில்களில்தான் வெப்பமானிகளைத் தொங்கவிட்டார்கள். கொட்டிலிலிருந்து பெட்டிக்கு மாறியபோது எண்களும் மாறின. இலங்கையில் வெப்பமானிகளை வைத்த முறை பற்றி ஏ. ஜே. பம்போர்ட் 1928இல் ஓர் ஆய்வு எழுதினார். பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் பார்க்கர் 1994இல் உலகம் முழுவதற்குமான இத்தகைய மாற்றங்களைத் தொகுத்தபோது அந்த ஆய்வும் அவருக்குச் சான்றாயிற்று. வெப்பவலயத்தின் பழைய எண்கள் கொட்டில்களின் காரணமாக ஏறத்தாழ 0.2 பாகை கூடுதலாக இருந்திருக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. பழைய எண்கள் கூடுதலாக இருந்தால், அதற்குப் பிந்திய வெப்ப உயர்வை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். சீராக்கல் என்றாலே சூட்டைக் கூட்டிக் காட்டும் தந்திரம் என்று பேசுபவர்களும், எல்லாச் சீராக்கலும் சரி என்று தலையாட்டுபவர்களும் இந்த ஒரு வழக்கை ஆறுதலாகப் படித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பதை ஒரு கொட்டிலின் கூரை தீர்மானித்திருக்கிறது.

எனவே கேளுங்கள்: பெட்டி எப்போது மாறியது? மரம் வெட்டப்பட்டதா? பக்கத்தில் மாடி எழுந்ததா? பாரன்ஹைட்டிலிருந்து செல்சியஸுக்கு எந்த மாதம் மாறினார்கள்? மாதச் சராசரியை உயர்வும் இழிவும் கூட்டிப் பாதியாக்கி எடுத்தார்களா, நாளின் பல வாசிப்புகளிலிருந்து எடுத்தார்களா? இரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்த பின் உலகெங்கும் இரச வெப்பமானிகள் மின்னணு உணரிகளுக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கின்றன. உணரி வேகமாக எதிர்வினை காட்டும், சில நிமிடச் சூட்டையும் பிடித்துவிடும். பழையதும் புதியதும் குறைந்தது ஓராண்டாவது அருகருகே ஓடிய பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். ஒரு சுற்றுப் பருவமழைகளையும் இரண்டும் சேர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

10. இப்போது சீராக்கலுக்கு வருவோம். தனி நிலையம் ஒன்றை மட்டும் உற்றுப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அயல் நிலையம் வேண்டும். கொழும்பின் ஒவ்வொரு மாத எண்ணிலிருந்தும் இரத்மலானையின் எண்ணைக் கழித்து ஒரு நிரலில் எழுதுங்கள். எல் நினோ ஆண்டு என்றாலும் பெருமழை ஆண்டு என்றாலும் இரண்டு ஊரும் சேர்ந்தே ஏறி இறங்கும். கழித்தால் அது போய்விடும். மிஞ்சுவது நிலையங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். வித்தியாசம் பல ஆண்டுகள் 0.2, 0.3, 0.2 என்று போய், ஒரு மாதத்திலிருந்து 0.7, 0.8, 0.7 என்று நிலைத்துவிடுகிறது. எங்கோ ஏதோ மாறியிருக்கிறது. எந்த நிலையத்தில்? மூன்றாவது சாட்சியாகக் கட்டுநாயக்காவை அழையுங்கள். கொழும்பிலிருந்து கட்டுநாயக்காவைக் கழித்தாலும் அதே மாதத்தில் அதே பாய்ச்சல் வந்து, இரத்மலானையிலிருந்து கட்டுநாயக்காவைக் கழித்தால் வராவிட்டால், மாற்றம் கொழும்பில்தான். இனி ஏட்டைத் திறந்து அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று தேடுங்கள். காரணம் கிடைத்தால் பாய்ச்சலுக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளின் சராசரி வித்தியாசத்தை எடுத்து, பழைய பகுதியை இன்றைய நிலைக்கு ஒப்பக் கொண்டுவாருங்கள். பழைய பகுதியை மாற்றுவதற்குக் காரணம் உண்டு: இன்றைய கருவியைக் கையில் எடுத்துச் சோதிக்கலாம், வரும் மாதங்களும் அதன் அளவிலேயே சேரும். ஏட்டில் காரணம் கிடைக்காவிட்டால் "காரணம் அறியாத பாய்ச்சல்" என்று எழுதுங்கள். சிறிய பாய்ச்சலென்றால் தொடாமல் விடுவதையே நான் விரும்புவேன்.

ஜனவரிக்கும் ஜூலைக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது. பெட்டியின் குறை வெளிப்படுவது வெயில் நேர்குத்தாக விழுந்து காற்று ஓய்ந்த நாட்களில். ஏப்ரலில் அது பெரிதாக இருக்கும். தென்மேல் பருவக்காற்று வீசும் மேகமூட்ட மாதங்களில் சிறிதாக இருக்கும். மாதத்துக்கு மாதம் வேறாகக் கணக்கிடுங்கள்.

11. இதையெல்லாம் கணினியே செய்யும் முறைகள் உண்டு. அலெக்சாண்டர்சன் 1986இல் ஒரு சோதனையைத் தந்தார். மென்னும் வில்லியம்ஸும் 2009இல் நிலையங்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் முறையைத் தந்தார்கள். நோவா பயன்படுத்துவது இதையே. நல்ல முறைகள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அவை அயல் நிலையங்களை நம்பியவை. சிறு தீவில், போரினால் வடக்கின் நிலையங்கள் அற்றுப்போன ஆண்டுகளில், அயல் என்று சொல்ல எது மிஞ்சும்? மன்னாருக்குக் கடலுக்கு அப்பால் உள்ள பாம்பன் உதவக்கூடும். நுவரெலியாவின் மலைக்குளிர் உதவாது. சென்னையைப் பாருங்கள்: நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் ஒரே நகரம்தான். ஆனாலும் கடற்காற்று மீனம்பாக்கத்துக்குப் பிந்தி வருவதால் கோடைப் பகல்களில் அங்கே சூடு கூடுதல். ஊர்ப் பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒட்ட முடியாது.

நகரம் மெல்லமெல்லக் கொங்கிரீட்டாகிச் சூடேறுவதை நீக்க வேண்டுமா என்றும் கேட்பீர்கள். தீவு முழுவதும் எவ்வளவு சூடேறியது என்பது கேள்வியானால் நீக்க வேண்டும். கொழும்பில் வாழும் மனிதர் எவ்வளவு சூட்டைத் தாங்குகிறார் என்பது கேள்வியானால் நீக்கக் கூடாது. முதலில் கேள்வியை எழுதிவிட்டுப் பிறகு எண்ணைத் தொடுங்கள்.

12. புறக்கோட்டைக் கூரையில் வெப்பமானி வைக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: வையுங்கள். தகரக் கூரையும், குளிரூட்டிகள் கக்கும் அனலும், பஸ்தியன் மாவத்தையில் ஓயாது நிற்கும் பஸ்களும் சேர்ந்த இந்த இடம் எந்தக் கையேட்டின் விதிக்கும் பொருந்தாது. அதனால் உங்கள் எண்களைப் பௌத்தாலோக மாவத்தையின் தொடரோடு ஒட்டவும் வேண்டாம், அதைக்கொண்டு திருத்தவும் வேண்டாம். தனித் தொடராக, இடத்தின் படங்களோடு, ஆண்டுக்கணக்கில் நடத்துங்கள். நண்பகலில் கைவண்டி இழுக்கும் நாட்டாமிமார் மூச்சு விடுவது இந்தக் காற்றைத்தான். அவர்களுடைய வேலை நேரத்தையும் நிழலையும் தண்ணீரையும் பற்றி யாராவது ஒரு நாள் பேச வந்தால், கையில் ஓர் ஒழுங்கான ஏடு இருக்க வேண்டும்.

13. பழைய ஏடுகளைத் தேடுங்கள். பாடசாலை அலுமாரிகளிலும், தோட்டக் காரியாலயங்களிலும், ஓய்வுபெற்றவர்களின் வீடுகளிலும் கையெழுத்து வானிலைக் கொப்பிகள் இன்னும் கிடக்கின்றன. வீடு மாறும்போதும் அலுவலகம் மூடும்போதும் அவை பழைய கடதாசி வாங்குபவரிடம் நிறைக்குப் போய்விடுகின்றன. உங்கள் கண்ணில் ஒன்று பட்டால் அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை, ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகள் உட்பட, படம் எடுங்கள். எந்த ஊர், எந்த இடம், யாரிடம் இருந்தது என்று எழுதி, ஒரு பிரதியை வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் இன்னொன்றை அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கும் கொடுங்கள். திருத்தும் வேலையைப் பிறகும் செய்யலாம்.